விழும் கல்லின் காலப்பிரமாணம்

விழுவதைச் சொல்ல நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பூ உதிர்கிறது. அருவி கொட்டுகிறது. மழை பொழிகிறது. இடி இறங்குகிறது. சுவர் சரிகிறது. மரம் சாய்கிறது. சருகு அலைந்து அலைந்து தரையைத் தொடுகிறது. எது விழுகிறது, எவ்விதம் விழுகிறது என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். பனம்பழம் உதிர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. விழுந்தது என்பார்கள். சொல்லும்போதே அந்தத் 'தொப்'பென்ற ஓசையும் கூடவே கேட்டுவிடும்.

இத்தனை வகை விழுதல்களுக்கும் அடியில் ஒரே ஒரு இருபடிச் சார்பு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இலக்கிய வாசகனுக்கு முதலில் எரிச்சல் வருவது இயல்புதான். பள்ளிக்கூடத்தில் 'அரை ஜீ டீ ஸ்கொயர்' என்று மந்திரம்போல ஒப்பித்து, தேர்வில் கக்கி, மறந்துபோனவர்கள் நாம். கோபுரத்தின் உயரம் கொடுக்கப்பட்டிருக்கும். கல் தரையை அடையும் நேரம் கேட்கப்பட்டிருக்கும். கல்லும் தெரியாது, கோபுரமும் தெரியாது. எந்த மனிதர் எதற்காக இதைத் தேடினார் என்பதும் தெரியாது. அந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு நாவலுக்குரிய சஞ்சலமும் பிடிவாதமும் மனமாற்றமும் இருக்கின்றன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் நாம் அதைப் படிக்க வாய்த்தது.

சமன்பாடு சொல்வது எளிது. ஓய்விலிருந்து கைவிடப்பட்ட பொருள் விழும் தூரம், அது விழத் தொடங்கியதிலிருந்து கழிந்த காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காலம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர மனித குலத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. ஏன் அவ்வளவு காலம்?

*

அரிஸ்டாட்டில் விழுதலைப் பற்றி நிறையவே சிந்தித்தவர். கனமான பொருள் விரைவாகவும் இலேசான பொருள் மெதுவாகவும் விழும் என்பது அவர் கருத்து. கண்ணால் காண்பதும் ஏறத்தாழ அதுதான் என்பதால் அதைப் பேதைமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோபோனஸ், எடையில் பெரும் வேறுபாடுள்ள இரு பொருட்களை ஒரே உயரத்திலிருந்து போட்டால் தரையை அடையும் நேரத்தில் மிகச் சிறிய வேறுபாடே இருக்கும் என்று எழுதினார். அந்தக் குரல் பெரும்பாலும் கேட்கப்படாமலேயே போயிற்று.

பதினான்காம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொருளின் வேகம் சீராகக் கூடிக்கொண்டே போனால் அது கடக்கும் தூரம் எவ்வளவு? விடையையும் கண்டார்கள். வேகம் பூஜ்யத்தில் தொடங்கி இருபதில் முடிந்தால், முழு நேரமும் பத்து என்ற வேகத்தில் சென்றிருந்தால் எவ்வளவு கடந்திருக்குமோ அவ்வளவுதான் கடக்கும். பாரிஸில் நிக்கோல் ஒரேம் இதை ஒரு முக்கோணமாகவே வரைந்து காட்டினார். ஆனால் அவர்களுக்கு இது தர்க்கப் பயிற்சியாகவே இருந்தது. சாளரத்துக்கு வெளியே விழும் கல்லோடு அதை அவர்கள் இணைக்கவில்லை. 1551இல் ஸ்பெயினின் டொமிங்கோ டி சோட்டோ என்ற துறவி, விழும் பொருளின் வேகம் இப்படித்தான் காலத்தோடு சீராகக் கூடுகிறது என்று போகிறபோக்கில் எழுதினார். அளந்து பார்க்க அவர் முற்படவில்லை.

அதாவது, திரி ஓரிடத்தில் இருந்தது, எண்ணெய் வேறோர் இடத்தில் இருந்தது, அகல் இன்னோர் இடத்தில். அறிவு வரலாற்றில் இது அடிக்கடி நேர்வதுதான். வேண்டியதெல்லாம் இருக்கும், அவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஒரு மனம் மட்டும் இருக்காது.

*

1604 அக்டோபர் 16 அன்று பதுவாவிலிருந்து கலிலியோ தம் நண்பர் பாவ்லோ சார்ப்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். விழும் பொருள் கடக்கும் தூரங்கள் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தவை என்றும், சமமான கால இடைவெளிகளில் அது கடக்கும் தூரங்கள் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்களாக வளர்கின்றன என்றும் அதில் குறிப்பிடுகிறார். விதி கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விதியை விளக்க அவர் கொண்ட அடிப்படைக் கோட்பாடு தவறானது. விழும் பொருளின் வேகம், அது கடந்துவந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று அவர் கருதியிருந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஏனென்றால் கலிலியோவின் அந்தப் பிழை நம் எல்லோருடைய இயல்பான எண்ணமும்கூட. இரண்டு மடங்கு உயரத்திலிருந்து விழுந்தால் இரண்டு மடங்கு வேகம் என்றுதான் மனம் சொல்லும். முளை அடிக்கும் பாரத்தை இரு மடங்கு உயரத்திலிருந்து போட்டால் முளை ஏறத்தாழ இரு மடங்கு ஆழம் இறங்குவதையும் பார்க்கிறோம். அடியின் வலிமை உயரத்துக்கேற்ப வளர்வது உண்மைதான். வேகம் அப்படி வளர்வதில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கான கருத்துகள் அந்த நூற்றாண்டில் இன்னும் உருவாகியிருக்கவில்லை.

தூரத்துக்கேற்ப வேகம் கூடும் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இன்றைய கணிதத்தைக் கொண்டு நாமே பார்த்துவிடலாம். கையை விட்ட கணத்தில் கல் கடந்த தூரம் பூஜ்யம். ஆகவே வேகமும் பூஜ்யம். வேகம் பூஜ்யமானால் அது நகராது. நகராவிட்டால் தூரம் கூடாது. தூரம் கூடாவிட்டால் வேகம் வராது. நாம் கைவிட்ட கல் அந்தரத்திலேயே என்றென்றைக்கும் நின்றுவிடும்! வேகம் காலத்துக்கேற்பக் கூடுகிறது என்று கொண்டாலோ இந்தச் சிக்கல் எழுவதேயில்லை. கல் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் காலம் நகர்கிறது. அந்தக் காலம்தான் கல்லையும் நகர்த்தத் தொடங்குகிறது.

கலிலியோ இந்த மாற்றத்துக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. அவர் அதை மறைக்கவில்லை என்பதுதான் நம்மைக் கவர்வது. 1638இல் லெய்டன் நகரில் அச்சான 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூல் மூன்று நண்பர்களின் உரையாடலாக அமைந்தது. அதில் ஒருவர், வேகம் தூரத்துக்கேற்பக் கூடும் என்று சொல்லலாமே என்கிறார். மற்றவர், நம் ஆசிரியரே சில காலம் அந்தப் பிழையில்தான் இருந்தார் என்று பதிலளிக்கிறார். அப்போது கலிலியோ வீட்டுச் சிறையில் இருந்தார். 1633இல் மதவிசாரணை மன்றம் அவரைத் தண்டித்திருந்தது. பூமி சுழல்கிறது என்ற கருத்தை அந்த மன்றத்தின் முன் வலுக்கட்டாயமாகக் கைவிட வைக்கப்பட்டவர், யாரும் கட்டாயப்படுத்தாமலேயே தம் பழைய பிழை ஒன்றைக் கைவிட்டதைத் தாமாகவே எழுதிவைக்கிறார். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே செயல்தான். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு! அந்த நூல் அச்சில் வந்தபோது அவருக்குப் பார்வை முற்றிலும் போயிருந்தது.

*

பைசா நகரின் சாய்ந்த கோபுரத்திலிருந்து அவர் குண்டுகளைப் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அவருடைய இறுதிக் காலத்தில் உடனிருந்த மாணவர் விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருவது அது. நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. நடந்திருந்தாலும் அதிலிருந்து வர்க்க விதி கிடைத்திருக்காது. ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு மூன்றேகால் விநாடிக்குள் தரையில் இருக்கும். அன்றைக்கு விநாடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் எங்கேயும் கிடையாது.

அவர் செய்தது வேறு. விழுதலை மெதுவாக்கினார். பன்னிரண்டு முழம் நீளமுள்ள மரச்சட்டம் ஒன்றில் விரலகலத்துக்குச் சற்று அதிகமாகக் காடி வெட்டி, அதை வழுவழுப்பாக்கி, உள்ளே தோற்காகிதம் ஒட்டி, ஒரு முனையை ஒன்றிரண்டு முழம் உயர்த்தி, வெண்கல உருண்டையை உருளவிட்டார். காலத்தை அளக்க ஒரு பெரிய நீர்த்தொட்டி. அதன் அடியில் மெல்லிய குழாய். உருண்டை உருளும் நேரத்தில் ஒழுகிய நீரைக் கிண்ணத்தில் பிடித்துத் தராசில் எடை போட்டார். காலத்தை எடை போட்டார் என்றே சொல்லலாம். முழுதாக நூறு முறை செய்து பார்த்ததாக அந்நூலில் சொல்கிறார்.

இதை நம்பாதவர்களும் இருந்தார்கள். அறிவியல் வரலாற்றாசிரியர் அலெக்சாந்தர் கோய்ரே, இத்தகைய கருவிகளைக் கொண்டு அவ்வளவு துல்லியம் வந்திருக்க முடியாது, கலிலியோ மனத்துக்குள் நடத்திய சோதனைதான் இது என்று எழுதினார். 1961இல் தாமஸ் செட்டில் என்ற இளம் ஆய்வாளர் மரச்சட்டத்தையும் நீர்க்கடிகாரத்தையும் திரும்பச் செய்து, சோதனை நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டினார். பின்னர் ஸ்டில்மன் டிரேக், ஃபிளாரன்ஸ் நூலகத்தில் இருக்கும் கலிலியோவின் கையெழுத்துத் தாள்களை ஆராய்ந்து, சாய்தளத்தில் அளந்த தூரங்கள் போலத் தோன்றும் எண்வரிசையைக் கண்டார். அவர் ஓர் அழகான ஊகத்தை முன்வைத்தார். கலிலியோ வீணைபோன்ற லூட் வாத்தியத்தை நன்கு வாசிக்கத் தெரிந்தவர். சாய்தளத்தின் குறுக்கே லூட்டின் மெட்டுகள்போல நரம்புகளைக் கட்டி, உருண்டை ஒவ்வொன்றின்மீதும் ஏறி இறங்கும் ஓசை தாளத்தோடு பொருந்தும்வரை அவற்றை நகர்த்தி வைத்திருக்கலாம். பிறகு இடைத்தூரங்களை அளந்தால் போதும்.

கலிலியோவின் தந்தை வின்சென்சோ லூட் கலைஞர், இசைக் கோட்பாட்டாளர். ஒரே நீளமுள்ள நரம்பில் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டுமானால், அதில் தொங்கவிடும் எடையை இரண்டல்ல, நான்கு மடங்காக்க வேண்டும் என்று கண்டு சொன்னவர் அவர். பித்தாகரஸ் காலத்திலிருந்து இரண்டு என்றே நம்பப்பட்டுவந்ததை நரம்பில் எடையைத் தொங்கவிட்டே மறுத்தார். அதிலும் ஒரு வர்க்கம் ஒளிந்திருக்கிறது. தந்தைக்கு அது சுருதியில் கிடைத்தது, மகனுக்குத் தாளத்தில்.

*

டிரேக்கின் ஊகத்தைப் படித்த பிறகு அதைச் செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் கிடந்த, இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள அலுமினிய 'எல்' ஆங்கிள் ஒன்றை வாய்க்கால்போல மல்லாத்தி வைத்தோம். ஒரு முனைக்கு அடியில் ஆறு சென்டிமீட்டர் கனத்துக்குப் புத்தகங்கள். உருள்வதற்கு ஒரு கோலிக்குண்டு. குறுக்கே தையல் நூலைப் பசையிட்டு ஒட்டினோம். குண்டு ஒவ்வொரு நூலையும் தாண்டும்போது 'டக்' என்ற ஓசை எழும்.

முதலில் நாற்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சம தூரத்தில் ஐந்து நூல்கள். முதல் ஓசை வர இரண்டு விநாடிக்கு மேல் ஆயிற்று. பிறகு ஒவ்வோர் ஓசையும் முந்தையதைத் துரத்திக்கொண்டு வந்தது. கண்ணுக்கு ஒழுங்காக இருந்தது காதுக்கு ஒழுங்காக இல்லை. அடுத்து நூல்களைப் பிரித்து, தொடக்கத்திலிருந்து 8, 32, 72, 128, 200 சென்டிமீட்டர் தொலைவுகளில் ஒட்டினோம். எட்டைப் போல ஒரு மடங்கு, நான்கு மடங்கு, ஒன்பது, பதினாறு, இருபத்தைந்து மடங்கு. பார்வைக்கு ஒழுங்கே இல்லை. மேலே நெருக்கமாகவும் கீழே ஆளரவமற்ற தெருவின் விளக்குக் கம்பங்கள்போல அகன்றும் கிடந்தன. குண்டை விட்டோம். டக். டக். டக். டக். டக். ஏறத்தாழ விநாடிக்கு ஒன்று.

எதிர்வீட்டில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னோம். தொடையில் தாளம் போட்டபடி நான்கைந்து முறை கேட்டார். "ரெண்டாவது அடி ஒரு நூல் தள்ளி விழுது சார். மத்தபடி காலப்பிரமாணம் தப்பாமத்தான் வருது" என்றார். பார்த்தால் இரண்டாவது நூல் அரை சென்டிமீட்டர் கீழே ஒட்டப்பட்டிருந்தது. நகர்த்தி ஒட்டியதும் தலையசைத்தார். பிறகு கண்ணைத் திறந்து நூல்களின் இடைவெளியைப் பார்த்தவர், "இவ்வளவு தாறுமாறாவா இருந்துது?" என்று வியந்தார்.

அந்தக் கேள்வியைத்தான் நாம் பல நாட்களாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். தாறுமாறும் ஒழுங்கும் எதை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தவை. தூரத்தை அளவுகோலாகக் கொண்டவரைக்கும் விழுதல் புரியாமல் இருந்தது. காலத்தை அளவுகோலாக மாற்றியவுடன் அது தாளமாகிவிட்டது.

*

இப்போது எண்களுக்கு வருவோம். பூமியில் காற்றுத் தடையைப் பொருட்படுத்தாவிட்டால், கைவிடப்பட்ட பொருள் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. இரண்டாம் விநாடியில் மட்டும் 14.7. மூன்றாம் விநாடியில் 24.5. நான்காம் விநாடியில் 34.3. முதல் எண்ணால் வகுத்துப் பார்த்தால் 1, 3, 5, 7. கூட்டிக்கொண்டே வந்தால் 1, 4, 9, 16. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் கிடைக்கும். வாசலில் ஏழு புள்ளி, ஒன்று வரை நேர்ப்புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் மேலிருந்து நடுவரிசை வரை வைக்கும் புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றும் மூன்றும் ஐந்தும் ஏழும், ஆகமொத்தம் பதினாறு. விழும் கல் நான்கு விநாடியில் வைக்கும் புள்ளிகளும் அவைதான்.

கிணற்றில் கல்லைப் போட்டு 'தளக்' என்ற ஓசை இரண்டு விநாடியில் வந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ இருபது மீட்டரில் இருக்கிறது. மூன்று விநாடியானால் முப்பது மீட்டர் என்று மனம் சொல்லும். உண்மையில் நாற்பதைத் தாண்டும். வர்க்கம் மனத்துக்குப் பழக்கமில்லாத வளர்ச்சி. அதனால்தான் உயரத்தின் ஆபத்தை நாம் எப்போதும் தவறாகவே கணிக்கிறோம். கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சாரத்தில், பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒருவர் கால் இடறினால் தரையைத் தொட ஒன்றரை விநாடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். 'சட்டென்று எதையாவது பிடித்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கைக்கு அந்த ஒன்றரை விநாடியில் இடமே இல்லை. இடுப்புக் கயிற்றைத் தொந்தரவாக நினைப்பவர்களுக்கும், அதை வாங்கிக்கொடுக்காமல் மிச்சம் பிடிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டிய இருபடிச் சமன்பாடு இது.

இருபடிச் சார்புக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. அது இரண்டு விடைகள் தரும். 24.5 மீட்டர் உயரமான மொட்டைமாடியிலிருந்து ஒரு பந்தை விநாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிகிறோம். எப்போது தரையைத் தொடும்? சமன்பாட்டைத் தீர்த்தால் ஐந்து விநாடி என்று ஒரு விடை வரும். கூடவே 'மைனஸ் ஒன்று' என்று இன்னொன்றும் வரும். எறிவதற்கு ஒரு விநாடி முன்பு! பொருந்தாத விடை என்று அடித்துவிட்டுப் போகும்படிதான் ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் அது பொய் சொல்லவில்லை. அதே பந்து அதே வளைகோட்டில் தரையிலிருந்தே கிளம்பியிருந்தால், சரியாக ஒரு விநாடி முன்பு, விநாடிக்கு 29.4 மீட்டர் வேகத்தில் கிளம்பியிருக்க வேண்டும் என்கிறது. பந்துக்கு நம் கை தெரியாது. அது இருக்கும் இடமும் அதன் வேகமும் மட்டுமே அதற்குத் தெரியும். அவற்றிலிருந்து அது தனக்கு நேராத ஒரு கடந்தகாலத்தையும் சேர்த்தே சுமந்து செல்கிறது. புனைகதை எழுதுகிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய இடம் இது.

*

விதியைக் கண்டவரைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லாமலேயே ஏற்றவரைப் பற்றி நாம் சொல்ல விரும்புகிறோம்.

ஜியோவானி பட்டிஸ்டா ரிச்சோலி 1598இல் பிறந்த இயேசு சபைத் துறவி. பூமி அசையாதது என்ற தரப்பில் நின்றவர். 1651இல் வெளியான தம் 'புதிய அல்மகெஸ்ட்' என்ற பெருநூலில், பூமியின் இயக்கத்துக்குச் சார்பாகவும் எதிராகவும் உள்ள வாதங்களை அடுக்கி, அசையவில்லை என்ற முடிவுக்கே வந்தவர். கலிலியோவுக்கு எதிரான தீர்ப்பின் வாசகத்தை அதே நூலில் அச்சிட்டவர். கலிலியோவின் விழுதல் விதியிலும் அவருக்கு ஐயம் இருந்தது. கலிலியோ 1632இல் எழுதிய நூலில், நூறு முழம் விழ ஐந்து விநாடி ஆகும் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார். அது தவறு, அவ்வளவு நேரத்தில் அதைப்போல இரண்டு மடங்குத் தூரம் விழும். எதிர்த்தரப்புக்காரருக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்குமா?

ரிச்சோலி முதலில் காலத்தை அளக்கும் கருவியைச் சரிசெய்தார். ஓர் ஊசல் ஒரு நாளில் எத்தனை முறை ஆடுகிறது என்பதை உறுதிசெய்ய, சக துறவிகள் ஒன்பது பேர் இருபத்துநான்கு மணி நேரம் முறைவைத்து எண்ணினார்கள். பிறகு விநாடிக்கு ஆறு முறை அடிக்கும் சிறிய ஊசல் ஒன்றைச் செய்தார். அதன் துடிப்பை இசைப்பயிற்சி உள்ள துறவிகள் எண்ணினார்கள். இங்கேயும் காதுதான். பொலோன்யா நகரின் அசினெல்லி கோபுரம் ஏறத்தாழ தொண்ணூற்றேழு மீட்டர் உயரமுடையது. அங்கிருந்தும் பிற உயரங்களிலிருந்தும் சுண்ணக்கட்டி உருண்டைகளைப் போட்டார்கள். உடன் நின்றவர் கிரிமால்டி. பிற்காலத்தில் ஒளியின் விளிம்பு வளைவைக் கண்டறிந்தவர்.

கிடைத்த முடிவு: ஐந்து துடிப்பில் 10 அடி. பத்தில் 40. பதினைந்தில் 90. இருபதில் 160. இருபத்தைந்தில் 250. ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு, இருபத்தைந்து. கலிலியோ சொன்ன தூரக் கணக்கு தவறு, ஆனால் அவர் சொன்ன விதி சரி. ரிச்சோலி அதை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. அதே நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த கலிலியோவின் சீடர் கவலியேரியிடம் நேரில் போய்ச் சொன்னார். தம் நூலிலும் அட்டவணையாக அச்சிட்டார். கூடவே, ஒரே பருமனுள்ள இரு உருண்டைகளில் கனமானது சற்று முன்னதாகவே தரையை அடைகிறது என்ற உண்மையையும் பதிவுசெய்தார். அது காற்றின் வேலை.

இலக்கியச் சூழலில் எத்தனையோ தரப்புகள், குழுக்கள், சச்சரவுகளைப் பார்த்துவிட்டோம். எதிர்த்தரப்பில் இருப்பவரின் ஒரு வரி நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள நமக்கு எவ்வளவு மனத்தடை! ரிச்சோலி தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. பூமி அசையவில்லை என்றே கடைசிவரை நம்பினார். ஆனால் கல் எப்படி விழுகிறது என்ற கேள்வியில் தம் தரப்பைக் கேட்காமல் ஊசலைக் கேட்டார். கலிலியோவைப் போற்றுவது இன்று எளிது. ரிச்சோலியாக இருப்பது என்றைக்கும் கடினம்.

*

இந்தச் சமன்பாட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து விழும் மழைத்துளி விதிப்படி மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் நம் தலையில் இறங்க வேண்டும். பெரிய துளிகள்கூட மணிக்கு முப்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியே வருகின்றன. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடி, ஒரு கட்டத்தில் எடையை ஈடுசெய்துவிடுகிறது. அதன்பின் துளி சீரான வேகத்தில் இறங்குகிறது. 2012 அக்டோபர் 14 அன்று ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். காற்று மெலிந்த உயரத்தில் ஒலியின் வேகத்தையே தாண்டினார். பிறகு காற்று அடர்ந்து அவரைப் பிடித்து நிறுத்தியது. காற்றே இல்லையென்றால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய விழுதல், குடை விரியும்வரை நான்கு நிமிடத்துக்கு மேல் நீடித்தது.

கலிலியோவுக்கு இது தெரியும். காற்றின் தடை ஆயிரம் வடிவங்களில் வரும், அதை ஒரே விதிக்குள் அடக்க முடியாது, முதலில் அதை நீக்கிவிட்டு உண்மையைக் காண வேண்டும், பிறகு நடைமுறைக்கு ஏற்ப வரம்புகளோடு பயன்படுத்த வேண்டும் என்பது அவர் நிலை. நீக்கிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு மனத்துக்குள் மட்டுமே இருந்தது. 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 பயணத்தின் தலைவர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து ஒன்றாக விட்டார். ஒன்றரை விநாடிக்குள் இரண்டும் ஒன்றாகவே நிலவின் மண்ணைத் தொட்டன. அந்தக் காட்சிப்பதிவில் இறகு விழுவதைப் பார்க்கும்போது உடல் சிலிர்க்கிறது. அது மிதக்கவில்லை, அலையவில்லை, தயங்கவில்லை. இறகு என்ற சொல்லோடு நாம் சேர்த்துவைத்திருந்த எல்லாமே காற்றுக்குச் சொந்தமானவை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

எனவே உதிர்தலும் பொழிதலும் அலைதலும் பொய்யில்லை. நம் வினைச்சொற்கள் காற்றோடு சேர்த்தே விழுதலைச் சொல்லிவந்திருக்கின்றன. சமன்பாடு காற்றைக் கழித்துவிட்டுச் சொல்கிறது. ஒன்று தெரிந்ததால் மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை. இரண்டும் தெரிந்தவருக்கு ஒரு வேப்பிலை விழுவதில் பார்க்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: எல்லாக் கற்களோடும் அது பகிர்ந்துகொள்ளும் தாளம், அந்தத் தாளத்திலிருந்து காற்று அதை விலக்கி எடுத்துச்செல்லும் விதம்.

அலுமினியச் சட்டத்தை நாங்கள் இன்னும் கழற்றவில்லை. மிருதங்கம் கற்க வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் வகுப்பு முடிந்ததும் ஒருமுறை இங்கே வந்து குண்டை உருட்டிவிட்டுப் போகிறார்கள். புத்தகத்தைக் கூட்டிவைத்துச் சரிவை அதிகமாக்கினால் அடிகள் துரிதமாகின்றன, ஆனால் சமமாகவே இருக்கின்றன என்பதை அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். அது இரண்டாம் காலம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.